சண்டமாருதத்துக்குச் செய்த குதிமுள்

எங்கள் முருங்கைநத்தத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் முக்கால்வாசி பொய். மிச்சக் கால்வாசி, அவர்கள் சொல்வதைவிட மோசமாக நடந்தது. வெட்கத்தில் நாங்கள்தான் குறைத்துச் சொல்லி வைத்திருக்கிறோம். பிச்சாண்டி ஆசாரி குதிமுள் செய்தது அந்தக் கால்வாசியில் சேர்ந்தது. கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அடக்கிக்கொண்டு எங்களைக் கௌரவப்படுத்த வேண்டாம்.

பிச்சாண்டி ஆசாரி எங்கள் ஊர்க் கொல்லர். நல்ல வேலைக்காரர். சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார், தொல்லையே அதுதான். அவர் சம்சாரம் சீனியம்மா ஒருநாள், "வடை சுட்டா எண்ணெய் வடியணும். ஓட்டை போட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள். ஆசாரி வாணலியை எடுத்துப்போய் அடியில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெய் வடிந்தது. சொட்டு மிச்சமில்லாமல் அடுப்புக்குள்ளேயே வடிந்தது. கூரை தப்பியது குலதெய்வத்தின் புண்ணியம்.

பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஊரில் திருட்டுப் பயம் வந்தது. "யாராலயும் திறக்க முடியாத பூட்டு ஒண்ணு செய்யுங்களேன்" என்றாள். ஆசாரி யோசித்தார். சாவித் துவாரம் இருந்தால்தானே திறப்பார்கள்? துவாரமே இல்லாத பூட்டு ஒன்று செய்து, கதவின் உள்பக்கம் மாட்டி, "இப்ப பாரு" என்று ஒரு அழுத்து அழுத்தினார். பூட்டிக்கொண்டது. அவள் கேட்டபடியேதான், யாராலும் திறக்க முடியவில்லை. அவராலும்தான்.

சீனியம்மா எழுந்தாள். துணிமூட்டையைக் கட்டினாள். உரலைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, ஓடுகளைப் பிரித்து, கூரை வழியாகவே வெளியேறினாள். பாதி உடம்பு வெளியே போனபிறகுதான் திரும்பிப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா வீட்டுக்குப் போறேன். கேட்டது கேட்டபடி நடக்கற சாமான் ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. என் கண்ணால பாக்கணும். அன்னைக்கு வரேன்."

"கேட்டபடிதானேடி எல்லாம் செஞ்சேன்?" என்றார் ஆசாரி கீழேயிருந்து. அதற்குள் அவள் கால் மறைந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆசாரிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கினாலும் ருசிக்கவில்லை, ஏனென்றால் அவரே பொங்கியது. பட்டறையில் அவருக்குத் துணை இரண்டு பேர். துருத்தி ஊதுகிற மொக்கையன் ஒருவன். வார் அறுத்துத் தைக்கிற தவசி இன்னொருவன். மூன்று பேரும் உலைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்டது கேட்டபடி நடக்கும்படி யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தார் மீரா ராவுத்தர். ஆனைக்கரை ஜமீன் லாயத்தில் குதிரை பழக்குகிறவர். அந்த ஊர்க் கொல்லன் கையைச் சுட்டுக்கொண்டு படுத்திருந்ததால், வேறு போக்கிடம் இல்லாமல் எங்களைத் தேடி வந்திருந்தார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

"ஆசாரி, ஜமீன்ல சண்டமாருதம்னு ஒரு குதிரை இருக்கு" என்றார். "பேருதான் சண்டமாருதம். கொண்டுபோய் நிறுத்தினா நட்டுவச்ச கல்லு. திருவிழா ஊர்வலத்துல அதுதான் முன்னால போகணும். அதுக்கு ஒரு ஜோடி குதிமுள் வேணும்."

சவாரிக்காரன் குதிகாலில் மாட்டிக்கொள்கிற இரும்பு வளையம்தான் குதிமுள். வளையத்தின் பின்னால் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை நின்றால் அதன் விலாவில் லேசாக ஒரு தொடு. புரிந்துகொண்டு நடக்கும். ராவுத்தர் இதையெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி விளக்கினார்.

"ஆனா சும்மா முள்ளு வேண்டாம். குதிரைக்குத் தகுந்தபடி கூடணும், குறையணும். சாதுவா இருந்தா முள்ளு உள்ள போகணும், முரண்டு பண்ணினா வெளிய வரணும். அதுவும் சவாரி போகும்போதே. எறங்கி எறங்கித் திருகிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லை."

"எவ்வளவு கூடணும், எவ்வளவு குறையணும்?" என்று கேட்டார் ஆசாரி. இந்தத் தடவை ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

"அதை என்னைக் கேட்டா? அளவெல்லாம் குதிரைக்குத்தான் தெரியும். அதுக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். முதல்ல உங்க மேலயே போட்டுப் பாத்துட்டு அப்புறம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் கிளம்பினார். பாவம், அவர் சாதாரண மனிதர்களிடம் பேசிப் பழகியவர்.

ஆசாரிக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் பாய்ந்தது. ஊர்வலம் போவது ஆனைக்கரையில், சீனியம்மாவின் அப்பா வீட்டுத் தெரு வழியாக. அவள் வாசலில் நின்று பார்ப்பாள். குதிரை மட்டும் நடந்துவிட்டால் போதும்.

வேலை ஆரம்பமாயிற்று. குதிகாலுக்கு ஒரு வளையம், வளையத்தில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு நீள ஆணி. ஆணியை முன்னும் பின்னும் நகர்த்தலாம், ஆப்பு வைத்து நிறுத்தலாம். அழகான வேலை, நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது 'உங்க மேலயே போட்டுப் பாக்கறது'. மொக்கையன் குதிரை ஆனான். தவசி முள்ளை மாட்டிக்கொண்டு அவன் முதுகில் ஏறினான்.

"குதிரை நிக்குது. தொடு" என்றார் ஆசாரி.

தவசி தொட்டான்.

"ஐயோ அம்மா!" என்றான் மொக்கையன்.

ஆசாரி கையை உயர்த்தினார். "செல்லாது. குதிரை ஐயோன்னு சொல்லாது. மறுபடியும்."

மறுபடியும் தொட்டான். மொக்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு கனைத்தான்.

"இது எப்படிண்ணே?" என்று தவசி சந்தேகம் கேட்டான். "வலிச்சுக் கனைச்சானா, சந்தோஷத்துல கனைச்சானா?"

"அவனையே கேப்போம்."

"குதிரை பதில் சொல்லாதேண்ணே."

"அதுவும் சரிதான்." ஆசாரி தாடையைத் தடவினார். "கொள்ளு வச்சுப் பாப்போம். தின்னா சந்தோஷம்."

ஊறவைத்த கொள்ளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மொக்கையன் ஒரு வாய் தின்றுவிட்டு, "கொஞ்சம் உப்பு இருந்தா நல்லா இருக்கும்" என்றான். குதிரை உப்புக் கேட்காது என்று அந்தச் சோதனையும் தள்ளுபடியாயிற்று. அன்று பூராவும் மொக்கையனைக் குதிரையாக்கவே சரியாகப் போய்விட்டது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் நின்று கனைத்தானாம். அவன் பெண்டாட்டி கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக வைக்கோல் போட்டாளாம். இது முக்கால்வாசியில் சேர்ந்ததோ கால்வாசியில் சேர்ந்ததோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் பெரிய சிக்கல் ஒன்று தலையெடுத்தது. சவாரி போகும்போதே முள்ளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தவசி குதிரைமேல், அதாவது மொக்கையன்மேல் இருந்தபடியே குனிந்து குதிகாலைத் தொடப் பார்த்தான். தலைகுப்புற விழுந்தான். வலதுபக்கம் குனிந்தால் வலதுபக்கம் விழுந்தான், இடதுபக்கம் குனிந்தால் இடதுபக்கம் விழுந்தான். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குனிந்து பார்க்கச் சொன்னார் ஆசாரி. அப்போது மொக்கையனும் சேர்ந்து விழுந்தான்.

மூன்று பேரும் மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"முள்ளு யாரைக் குத்துது?" என்று ஆரம்பித்தார் ஆசாரி.

"குதிரையை" என்றான் தவசி.

"என்னை" என்றான் மொக்கையன்.

"அளவு யாருக்குத் தெரியும்னு ராவுத்தர் சொன்னாரு?"

"குதிரைக்கு."

"அப்படீன்னா கூட்டறதும் குறைக்கறதும் யார் பொறுப்பு?"

தவசிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அண்ணே! குதிரை பொறுப்புண்ணே!"

"ஆனா குதிரைக்குக் கை கிடையாதே" என்றான் மொக்கையன். இரண்டு நாள் குதிரையாக இருந்தவன், அவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

"வாய் இருக்குல்ல" என்றார் ஆசாரி.

இப்படியொரு யோசனை உலகத்தில் வேறு எந்தக் கொல்லனுக்கும் வந்திருக்காது என்று நாங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வந்திருக்கவே வந்திருக்காது. ஆப்பை எடுத்துவிட்டு ஆணிக்கு ஒரு சுருள்கம்பி வைத்தார். ஆணியில் ஒரு கயிறு கட்டினார். இரண்டு குதிமுள்ளிலிருந்தும் வருகிற இரண்டு கயிற்றையும் ஒன்றாக முறுக்கி, தவசி தைத்த வாரில் கோத்து, குதிரையின் கடிவாளத்தோடு கட்டினார். குதிரை வாயால் இழுத்தால் முள் உள்ளே போகும். விட்டால் சுருள்கம்பி முள்ளை வெளியே தள்ளிவிடும். குதிரை தனக்கு வேண்டிய அளவைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

மொக்கையன் கயிற்றை வாயில் கவ்வினான். தவசி ஏறி உட்கார்ந்து முள்ளால் தொட்டான். மொக்கையன் இழுத்தான். முள் சமர்த்தாக உள்ளே போனது.

"ஐயோ!" என்ற அலறல் கேட்டது.

"மொக்கையா, எத்தனை தரம் சொல்றது..."

"நான் இல்லண்ணே, தவசி" என்றான் மொக்கையன், வாயில் கயிற்றோடு.

தவசி கீழே குதித்து ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டிருந்தான். விஷயம் இதுதான். ஆணி நேரான ஆணி. குதிரைப் பக்கம் உள்ளே போனால் அது போவதற்கு இடம் வேண்டுமே? சவாரிக்காரன் குதிகால் பக்கம் எட்டிப் பார்த்தது. குதிரைக்கு எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் சவாரிக்காரனுக்குக் கூடியது.

ஆசாரி குனிந்து நிதானமாகப் பரிசோதித்தார்.

"கத்தினது யாரு?"

"சவாரிக்காரன்."

"ராவுத்தர் யாருக்கு வலிக்கக் கூடாதுன்னாரு?"

"குதிரைக்கு."

"சவாரிக்காரனைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

மூன்று பேரும் ராவுத்தர் பேசியதை ஆதியிலிருந்து நினைத்துப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவசிகூட ஒப்புக்கொண்டான். குதிமுள் தேறிவிட்டது.

திருவிழா அன்று ஆனைக்கரையே திரண்டிருந்தது. மேளம், தாரை, தப்பட்டை, ஜமீன்தார் மேடையில். தெருமுனையில் சண்டமாருதம் நின்றது. நல்ல பிரவுன் நிறம், கொழுத்த உடம்பு, எதைப் பற்றியும் கவலைப்படாத முகம். ஆசாரி கண்கள் குதிரையைப் பார்க்கவில்லை. எதிர்வாசலில் சீனியம்மா தன் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஆசாரி கையைக் கூப்பினார். 'சாமி, இது ஒண்ணு மட்டும் நடக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார்.

ராவுத்தர் குதிமுள்ளைக் கையில் வாங்கினார். கயிற்றைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"குதிரை வாய்க்கு. அளவு அதுக்குத்தானே தெரியும்னீங்க?"

ராவுத்தர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் எட்டிப் பார்த்த ஆணியையும் பார்த்தார். ஆசாரியின் முகத்தைப் பார்த்தார். அதில் துளி விஷமம் இல்லை. அதுதான் அவரை மேலும் கலங்கடித்தது.

"யா அல்லா" என்றார். "ஆசாரி, நான் பிள்ளைகுட்டிக்காரன். செஞ்சவரே ஏறுங்க."

வேறொருவராக இருந்தால் பின்வாங்கியிருப்பார். ஆசாரிக்கோ தலைகால் புரியவில்லை. ஜமீன் குதிரைமேல், சம்சாரம் பார்க்க, தன் கையால் செய்த சாமானோடு! முள்ளைக் குதிகாலில் மாட்டி, கயிற்றைக் கடிவாளத்தில் கட்டி, தவசி தூக்கிவிட, மொக்கையன் தாங்க, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். முதன்முதலாகக் குதிரை ஏறுகிறார் என்பது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேளம் முழங்கிற்று. சண்டமாருதம் நின்றது. ஆசாரி முள்ளால் தொட்டார். சண்டமாருதம் கழுத்தைத் திருப்பி, மேலே யார் என்று பார்த்தது. பிறகு வாயில் கிடந்த கயிற்றை மெல்லக் கடித்து இழுத்தது.

ஆசாரி துள்ளிய துள்ளலில் குதிரையின் தலையைத் தாண்டித் தெருவில் வந்து விழுந்தார். எழுந்தார். கயிறு இன்னும் இறுகித்தான் இருந்தது, முள் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஓடினார். ஓடினால் கயிறு இறுகியது. இறுகினால் முள் குத்தியது. குத்தினால் ஓடத்தானே வேண்டும்?

கயிற்றின் மறுமுனையில் சண்டமாருதம் இருந்தது. அதற்கு வாழ்நாளில் முதன்முதலாக ஒரு வேலை பிடித்துப்போயிற்று. காதை நிமிர்த்திக்கொண்டு, கயிற்றைக் கவ்விக்கொண்டு, ஆசாரிக்குப் பின்னால் அழகாக நடந்தது. ஆசாரி வேகம் குறைத்தால் ஒரு இழு. போட்டார் ஓட்டம்! மேளக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ரத வீதி முழுக்கச் சுற்றி வந்தது ஊர்வலம். அவ்வளவு சீக்கிரமாக ஆனைக்கரையில் எந்த ஊர்வலமும் முடிந்ததில்லை.

"ராவுத்தரே, ஆசாரி எதுக்கு முன்னால ஓடறாரு?" என்று ஜமீன்தார் கேட்டார்.

ராவுத்தர் விழித்தார். "அது... குதிரைக்கு வழி காட்டறாருங்க, எசமான்."

"நல்ல ஏற்பாடு. இனிமே எப்பவும் அப்படியே இருக்கட்டும்."

வாசலில் நின்ற சீனியம்மா அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, குதிரை நடக்கணும்னுதானே கேட்டாங்க?"

"ஆமா."

"நடக்குதா?"

அவர் நிதானமாகப் பார்த்தார். "நடக்குது. குத்தம் சொல்ல முடியாது."

சீனியம்மா உள்ளே போய்த் துணிமூட்டையை எடுத்து வந்தாள். ஆசாரி அடுத்த சுற்றில் அந்த வழியாக வந்தபோது, "ஏங்க, நான் வரேங்க!" என்று கூவினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆசாரியின் கண்ணும் கலங்கியிருந்தது, காரணம் பாதி அவள், பாதி ஆணி.

ஊர்வலம் முடிந்து, குதிரை கொள்ளுத் தின்ன நின்றபோது ஆசாரி குதிமுள்ளைக் கழற்றக் குனிந்தார். தவசி பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன காரியம் பண்றீங்க! இதைக் கழட்டினா குதிரை நின்னுடும்ணே."

"ஆமாண்ணே" என்றான் மொக்கையன். "குதிரை நின்னா, கேட்டது கேட்டபடி நடக்கலைன்னு ஆயிடும். அண்ணி திரும்பிப் போயிடும்."

ஆசாரி பயந்துபோய்ச் சீனியம்மாவைப் பார்த்தார்.

"நின்னா போயிடுவேன்தான்" என்றாள் அவள். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதனால் ஆசாரி முள்ளோடு முன்னால் ஓடினார், சண்டமாருதம் கயிற்றோடு பின்னால் வந்தது, சீனியம்மா மூட்டையோடு அதன் பின்னால் வந்தாள். முருங்கைநத்தம் வந்து சேர்ந்தார்கள். கதவு இன்னும் பூட்டியே கிடந்ததால் அவள் கூரை வழியாக இறங்கி, சுடச்சுட ரசம் வைத்தாள். ஆசாரி வாசலில் நின்று அந்த வாசனையை ஒரு மூச்சு இழுத்தார். அதற்குள் தவசி, "அண்ணே, குதிரையை லாயத்துல கொண்டுபோய் விடணும்ல? ஜமீன் குதிரை" என்றான்.

நியாயம்தானே. ஆசாரி இல்லாமல் குதிரை நகராது. ஆசாரி முன்னால் ஓடி ஆனைக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். விட்டபிறகு வீட்டுக்கு வர வேண்டும், முள்ளைக் கழற்றக் கூடாது, முள்ளில் கயிறு, கயிற்றில் குதிரை. குதிரையோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும் குதிரையைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. ஓடினார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தார். சீனியம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. வேளை தவறாமல் ரோட்டோரம் வந்து நின்று, அவர் தாண்டிப் போகும்போது ஒரு உருண்டை சோற்றைக் கையில் வைப்பாள். திரும்பி வரும்போது ஊறுகாய் வைப்பாள். "என் வீட்டுக்காரர் மாதிரி வீடு தங்கறவர் யாரு? எத்தனை தரம் போனாலும் அத்தனை தரமும் திரும்பி வந்துடறாரு" என்று கிணற்றடியில் பெருமை பேசினாள்.

ஒருநாள் அந்த வழியாகப் போன வெளியூர் வளையல் செட்டியார் ஒருவர் இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த தவசியிடமும் மொக்கையனிடமும் விவரம் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன்யா, குதிரையை லாயத்துல கட்டிப்போட்டு, முள்ளை அங்கேயே கழட்டி வச்சுட்டு, அந்த மனுசன் பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்துட்டா என்ன?" என்றார்.

தவசியும் மொக்கையனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரரிடம் எடுத்தெறிந்து பேசக் கூடாது என்று மொக்கையன்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

"முள்ளு இல்லாமலே நடக்க முடியும்னா, நாங்க எதுக்குங்க செட்டியாரே இவ்வளவு பாடுபட்டு முள்ளு செய்யப்போறோம்?"